எறும்புக்கு விட்ட மரம்

கண்டி டவுனில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை சுந்தரலிங்கம் எழுதியதுதான். நகைமாளிகை, சாப்பாட்டுக் கடை, பல் வைத்தியர், பேன்சி ஸ்டோர்ஸ் என்று சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் அடுத்தவன் பெயரை எழுதி எழுதியே நாற்பது வயதைத் தாண்டியவன். ஒரு தடவை ஒரு துணிக்கடைப் பலகையின் மூலையில், கடுகளவு எழுத்தில், தன் பெயரையும் போட்டுப் பார்த்தான். கடை முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "என்ன லிங்கம், நீயும் கடையில பங்காளியா?" என்று கேட்டார். அழித்துக் கொடுத்துவிட்டு வந்தான். அந்தக் கேள்வி மட்டும் அழியவில்லை.

ஆகவே அவன் குடியிருந்த அம்பிட்டியவில் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் புதுக் கட்டடம் எழும்பி, அதன் முன்சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று சங்கத் தலைவர் தேடி வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கூட்டுறவுன்னா என்னன்னு பாத்த ஒடனே சனங்களுக்கு வெளங்கணும் மாஸ்டர். எறும்பு போடுங்க. எறும்புகிட்ட இல்லாத ஒத்துமையா? அடியில ஒங்க பேரையும் போட்டுக்குங்க" என்றார் தலைவர்.

ஒரு அரிசி மணியை நாலு எறும்பு தூக்கிக்கொண்டு வரிசையில் போவதாக ஒரே பின்னேரத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் அடியில் பெயர் வரப்போகிறதே! பெயர் வருகிற படத்தில் பொய் எறும்பு போடுவதா? உண்மையான எறும்பைப் பார்த்து வரைவது என்று சுந்தரலிங்கம் முடிவு கட்டினான். பார்க்கப் போன இடம் அவன் வீட்டுப் பலாமரம்.

அது அரிசிக்குப் பஞ்சம் வந்த காலம். எழுபதுகளின் நடுவில் கண்டியில் அடுப்பு மூட்டியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் பெருமூச்சு விட்டுத்தான் சொல்வார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஊரிலிருந்து ஒரு பை அரிசி கொண்டுவந்தால், ஊர்விட்டு ஊர் அரிசி போகத் தடை என்று பொலிஸார் வழியில் பஸ்ஸை மறித்துப் பையைத் தடவிப் பார்த்தார்கள். பேக்கரியில் பாண் வாங்க விடியுமுன் போய்ப் போலிம் என்கிற வரிசையில் நிற்க வேண்டும். போலிமின் வால் வீதி வளைவைத் தாண்டி நிற்கும். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகளின் முகமே வெளுத்துப் போயிருந்தது. அந்தக் காலத்தில் வளவில் ஒரு பலா காய்த்து நின்றால் அந்த வீட்டுக்காரன் பணக்காரன்.

சுந்தரலிங்கத்தின் பலா, அவன் வீட்டுக்கும், அண்ணன் முறையில் அவன் 'நானா' என்று கூப்பிடும் மஹ்ரூப்பின் வீட்டுக்கும் இடையில் மலைச்சரிவில் நின்றது. காணி உறுதிப்பத்திரத்தின்படி மரம் சுந்தரலிங்கத்துடையது. ஆனால் அவனுக்கு ஏணியில் நாலாவது படிக்கு மேலே தலை சுற்றும். பலகைகளைத் தரையில் கிடத்தி எழுதுவான், மாட்டுவதற்கு வேறு ஆள் வரும். மரம் ஏறுகிறவர் மஹ்ரூப். டவுனில் ஒரு குறுக்குத் தெருவில் வளையல், ரிப்பன், பவுடர் விற்கிற கடை வைத்திருந்தவர்; வெளிநாட்டுச் சாமான் வருவது நின்ற பிறகு கடையில் விற்க ஒன்றுமில்லாமல் அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கியும் சாரத்தை மடித்துக் கட்டினால் அணில்தான். மேலே காயைக் கயிற்றில் கட்டி, காம்பை வெட்டி இறக்குவார். கயிற்றின் மறுமுனையைக் கீழே நின்று பிடித்து, காய் சிதறாமல் மெல்ல விடுவது சுந்தரலிங்கத்தின் வேலை.

காய் இறங்கியதும் சாக்கு விரித்து இரண்டு வீட்டுப் பெண்களும் உட்காருவார்கள். சுந்தரலிங்கத்தின் மனைவி பரிமளம் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காயைப் பிளப்பாள். மஹ்ரூப்பின் மனைவி ரபீகா சடையை நீக்கிச் சுளையையும் கொட்டையையும் வேறாக்குவாள். பால் கையில் ஒட்டும், வாய் ஓயாது. ஒழுங்கையில் யார் வீட்டுக் கல்யாணம் எந்தச் சந்தில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பங்கு பிரிப்பது என்று ஒன்று நடந்ததேயில்லை. ஒரு சட்டி இந்தப் பக்கம் போனால் ஒரு சட்டி அந்தப் பக்கம் போகும்.

அந்த வருஷமும் மரம் நன்றாகக் காய்த்திருந்தது. அக்குறணையில் இருந்த ரபீகாவின் அண்ணன், குடும்பத்தோடு வந்துவிடும்படி மஹ்ரூப்புக்குச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். மஹ்ரூப்புக்குப் போக மனமில்லை. "பிலா சீஸன் வரட்டும். காய் ஈக்கும் வரைக்கும் இங்கயே இழுத்துக்கிட்டுப் போகலாம். அதுக்குள்ள கடைக்கும் ஒரு வழி பொறக்கும்" என்று சொல்லிவந்தார். இது பரிமளத்துக்குத் தெரியும். பரிமளம் சொல்லிச் சுந்தரலிங்கத்துக்கும் தெரியும்.

அடிமரத்துக் காய்கள் தொடக்கத்திலேயே வெட்டி முடிந்தன. மிச்சமெல்லாம் மேலே. மேலே ஏறுகிறவன் முதலில் கால் வைக்க வேண்டிய, இரண்டு கிளை பிரியும் கவையில் அந்த முறை முசுறுகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. செக்கச் சிவந்த எறும்புகள். கடித்தால் கடித்த இடத்தில் வயிற்றை வளைத்துப் புளிப்பு நீரைப் பீய்ச்சும்; ஆள் மரத்திலிருந்து கையை விட்டுவிடுவான்.

சரிவின் மேல்வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் அந்தக் கவை சுந்தரலிங்கத்தின் கண்ணுக்கு நேரே இருந்தது. பென்சிலும் அட்டையுமாக உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். பலகை வேலைக்கு ஆள் வந்தால், "அவரு எறும்பு பாக்குறாரு, பொறகு வாங்க" என்று பரிமளம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியனுப்புவாள்.

ஆனால் அவன் கண்டதும் சாதாரணக் காட்சியில்லை. இரண்டு இலைகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி. எந்த எறும்புக்கும் அது எட்டாது. ஒன்று இந்த இலையின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் இடுப்பை இன்னொன்று பிடிக்கிறது, அதன் இடுப்பை வேறொன்று. இப்படிச் சங்கிலியாய் நீண்டு எதிர் இலையை எட்டிப் பிடித்து, எல்லாம் சேர்ந்து பின்னால் இழுக்கின்றன. இலை மெல்ல மெல்ல வளைகிறது. வளைந்த பிறகு வேறு சில எறும்புகள் உள்ளேயிருந்து குஞ்சுப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, ஒரு விளிம்பில் தொட்டு மறு விளிம்பில் தொட்டு இலையைத் தைக்கின்றன. நூல் அந்தப் புழுக்களின் வாயிலிருந்து வருகிறது.

"பரிமளம், இங்க வந்து பாரேன்! தைக்கிற எறும்புகிட்ட நூலே இல்ல. நூலெல்லாம் குட்டிங்ககிட்டதான் இருக்கு. தங்க மேல சுத்திக்க வேண்டிய நூல வீட்டுக்குக் குடுத்துருதுங்க" என்று சின்னப் பிள்ளை போல் கூப்பிட்டான்.

பரிமளம் பாண் போலிமில் நின்று வெறுங்கையோடு திரும்பி, முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. எறும்பு வீட்டுல எல்லாரும் வேல செய்யிதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஒரு காலை மஹ்ரூப் வந்தார். தோளில் கயிறு, கையில் காய்ந்த தென்னோலையும் பச்சை இலையும் சேர்த்துக் கட்டிய புகைக்கட்டு.

"தம்பி, காய் நல்லா முத்தீட்டு. இன்டைக்கி ரெண்டு மூணு எறக்குவமா?"

சுந்தரலிங்கம் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "நானா, ஒரு ரெண்டு மூணு நாள் பொறுத்துக்குங்களேன். இப்பதான் தைக்க ஆரம்பிச்சிருக்கு. பொக போட்டா எல்லாம் போயிரும்" என்றான்.

"ஓ, படமா? காட்டுங்க பாக்க." மஹ்ரூப் குனிந்து பார்த்தார். பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "அப்படியே ஈக்கிது தம்பி! சரி சரி, நீங்க வேலைய முடிங்க. காய் ஓடியா போகப் போகுது?"

இரண்டு மூன்று நாள் ஒரு வாரமாயிற்று. சங்கிலியை வரைந்து முடித்தவனுக்குத் தையலை வரைய ஆசை வந்தது. தையலை வரைந்தவனுக்குக் கூடு முழுசாய் முடிந்து நிற்பதையும் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. மஹ்ரூப் இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி, நான் கொறயா செல்லல்ல. புள்ளைகள் கிழங்கு தின்டு தின்டு வயித்துல கொளறு. ரபீகா நேத்து கேட்டா, காய் எப்பயாமென்டு. அந்தக் கவய மட்டும் கொஞ்சம் ஒதுக்கினாப் போதும். கூட்டோட அந்தக் கெளய வெட்டி அந்தா அந்த வேலியில வெச்சிர்றன். நெருப்பு வெக்க மாட்டன். பொக மட்டுந்தான், அதுகளே ஒதுங்கிக்கும்."

ஒவ்வொரு வருஷமும் அவர் அப்படித்தான் செய்வார். மற்றவர்கள் பந்தம் கொளுத்திக் கூட்டைப் பொசுக்கிவிட்டு ஏறுவார்கள். மஹ்ரூப் எறும்புக்கு நெருப்பு வைக்கக்கூடாது என்கிறவர். போன வருஷம் புகைக்கட்டோடு காத்திருந்த நேரத்தில், குர்ஆனில் எறும்பின் பெயரிலேயே ஒரு சூரா, ஓர் அத்தியாயம், இருப்பதைச் சொன்னார். சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, 'எல்லாரும் வீட்டுக்குள்ளே போய்விடுங்கள், தெரியாமல் மிதித்துவிடப் போகிறார்கள்' என்று தன் சனத்தை எச்சரித்த கதை. சுந்தரலிங்கம் ரசித்துக் கேட்ட கதை அது.

இப்போது அது அவன் நாக்கில் வந்து நின்றது.

"நானா, எறும்புக்குன்னே ஒரு சூரா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுக்குள்ள போங்கன்னு அந்த எறும்பு சொல்லிச்சின்னு? இப்ப அதுங்க வீட்டுக்குள்ளதான் இருக்குதுங்க. குட்டிகளோட இருக்குதுங்க. நீங்களே அத வெட்டித் தூக்கி எறியலாமா? பாவமில்லையா?"

மஹ்ரூப் கையிலிருந்த புகைக்கட்டைப் பார்த்தார். வேறு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பசித்த மனிதனுக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் மரத்துக்குச் சொந்தக்காரன், அவர் வாயிலிருந்து போன வார்த்தையையே எடுத்து அவருக்கு எதிரில் வைத்துவிட்டான். அதற்கு மேலே வாதாடினால் ஒரு பலாக்காய்க்காக மார்க்கத்தை வளைத்த மாதிரி ஆகிவிடும்.

"பாவந்தான் தம்பி" என்றார். கயிற்றைச் சுருட்டினார். "அப்ப நான் வாரன்."

அவ்வளவு நாசூக்காகப் பேசி அனுப்பிவிட்டோம் என்று சுந்தரலிங்கத்துக்குத் தன்மேலே ஒரு மதிப்பு. பகல் சாப்பாட்டில் உட்கார்ந்து, நானாவை அவருடைய கதையாலேயே மடக்கிய விதத்தைப் பரிமளத்துக்கு விவரமாகச் சொன்னான்.

பரிமளம் அகப்பையைக் கீழே வைத்தாள். "எறும்பு வீட்டுல குட்டிங்க இருக்குன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அவரு வீட்டுலயும் இருக்கு."

சுந்தரலிங்கம் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அந்த மனுசன் அக்குறணைக்குப் போக மாட்டேன்னு நம்ம மரத்த நம்பிக்கிட்டு இருக்காரு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஒரு வாரந்தானே. அவரே சரின்னுட்டாரு, ஒனக்கென்ன?"

"சரின்னு சொல்லாம? மரம் ஒங்களுது. ஒங்க வாயி வேண்டாம்னா அவரு அதுல கை வைப்பாரா? நீங்க கேக்காம அவரு இனி இந்தப் பக்கம் வரமாட்டாரு. எழுதி வச்சிக்குங்க."

"முடிஞ்ச ஒடனே நானே போய்க் கூப்புடுறேன்."

"வேற ஆளு வச்சாவது ரெண்டு காய எறக்கி அவங்களுக்குக் குடுங்க."

"எவன் ஏறுனாலும் அந்தக் கவையிலதானே மிதிப்பான்?"

பரிமளம் எழுந்து போனாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டதை அவன் பார்க்கவில்லை.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. மஹ்ரூப் வரவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் சிரிப்பார், மழை வருமா என்று கேட்பார், படம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். காயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருக்கு அதில் வருத்தமில்லை என்று சுந்தரலிங்கம் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

பிறகு மழை பிடித்தது. ஹந்தானைப் பக்கமிருந்து இறங்கிய காற்றும் மழையுமாக மரம் ஆடியது. கூடு நனையாமல் நின்றதை அவன் வியந்து வியந்து வரைந்தான். மேலே காய்கள் காயாக இருக்கும் காலத்தைத் தாண்டின. ஒரு காலை, பழுத்து வெடித்த பலாவின் வாசம் ஒழுங்கை முழுவதும் அடித்தது. குரங்குகள் வந்து இறங்கின. தின்றது பாதி, சரிவில் சிந்தியது பாதி.

சிதறாமல் விழுந்த ஒரு பழத்தைப் பரிமளம் பிளந்து, பெரிய பாதியைத் தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்தாள். "நீங்களும் வாங்க. நான் மட்டும் போறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

ரபீகா குசினியில் இருந்தாள். அடுப்பில் மரவள்ளி அவிந்துகொண்டிருந்தது. "ஏன் பரிமளக்கா, நீங்க வெச்சிக்கொள்ள வாணாமா?" என்று சொல்லித் தட்டை வாங்கினாள். பிள்ளைகள் ஓடிவந்து சுளையைப் பிய்த்தார்கள். அவர்கள் தின்பதை ரபீகா சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக் கதை பேசுகிற மாதிரியே, மனதில் ஒன்றும் வைக்காமல், "பழம் வாய்க்கு ருசி. காயென்டா அவிச்சி, தேங்காப்பூவும் கொச்சிக்காச் சம்பலும் வெச்சி, ரெண்டு நேரத்த ஓட்டிரலாம். இன்னம் காய் ஈக்கிதா அக்கா மேல?" என்று கேட்டாள்.

பரிமளம் புருஷனைப் பார்த்தாள்.

"உச்சியில நாலஞ்சு இருக்கு" என்றான் சுந்தரலிங்கம். இன்றைக்கே ஏறச் சொல்லுங்கள் என்று அடுத்த வார்த்தை வந்திருக்க வேண்டும். கூட்டின் அடிப்பக்கம் மட்டும் இன்னும் வரையாமல் இருந்தது. "படம் முடியப் போகுது" என்று மட்டும் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தது, ஆனால் வந்த வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பி, கதிரையை எடுத்துக்கொண்டு வரம்புக்குத்தான் போனான். பின்னாளில் நினைத்து நினைத்துத் தன்னையே ஏசிக்கொண்டது இந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான்.

அட்டைப் படம் முடிந்தது. அதைச் சங்கக்கடைச் சுவரில் பெரிதாக எழுதினான். மேசை மேல் நின்று எழுதியதால் தலை சுற்றவில்லை. கடைசி இலைக்குப் பச்சை பூசிய அன்று, தூரிகையைக்கூடக் கழுவாமல், நேரே மஹ்ரூப் வீட்டுக்கு நடந்தான். "வாங்க நானா, கயித்த எடுங்க" என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். உச்சிக் காய் இரண்டு இன்னும் பழுக்கவில்லை. அதையும் பார்த்து வைத்திருந்தான்.

வாசலில் ஒரு லொறி நின்றது. பாயும் சட்டிகளும் ஏறியிருந்தன. மஹ்ரூப் ஓர் அலுமாரியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பலாக்காய் இறக்குகிற அதே கயிறு.

"நானா, என்ன இது?"

"அக்குறணைக்கி, தம்பி. கடையையும் விட்டாச்சி. மச்சான்ட பக்கத்தில வயல் துண்டொண்டு ஈக்கி. புள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறாவது பாக்கேலும்." முடிச்சை இழுத்து இறுக்கினார். "உங்களுக்குச் செல்லத்தான் வந்த. நீங்க சுவத்துல எழுதிக்கிட்டு இருந்தீங்க. கரச்சல் குடுக்க மனமில்ல, திரும்பி வந்திட்டன்."

"படம் முடிஞ்சிருச்சி நானா. மேல இன்னும் ரெண்டு காய் இருக்கு. இன்னைக்கே... இப்பவே ஏறலாம்."

மஹ்ரூப் அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சுந்தரலிங்கத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போற நேரத்தில என்னத்துக்குத் தம்பி மரம் ஏறுறது? நீங்க ஒரு ஆளப் புடிச்சி எறக்கி, பரிமளத்துக்குக் குடுங்க."

உள்ளே பரிமளமும் ரபீகாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு பேரும் காயைப் பற்றிப் பேசவில்லை.

சங்கக்கடைத் திறப்பு அன்று ஒழுங்கையே திரண்டு வந்திருந்தது. வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு வைத்து, தலைவர் மூன்று மொழியிலும் பேசினார். திரையை விலக்கியபோது சனங்கள் "ஆ!" என்றார்கள். சுவர் நிறையப் பலாமரத்தின் கவை. ஒன்றன் இடுப்பை ஒன்று பற்றி இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கும் செவ்வெறும்புகள். நடுவில் வாயில் குட்டியோடு தைக்கிற எறும்பு. அடியில் அவன் பெயர். தலைவர் சுந்தரலிங்கத்தின் தோளைத் தட்டி, "அசல்! எங்க பாத்து எழுதுனீங்க மாஸ்டர்?" என்று கேட்டார்.

"வீட்டு மரத்துல" என்றான் அவன். பக்கத்தில் நின்ற பரிமளம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கூட்டத்தில் மஹ்ரூப்பைக் கண்டான். வெளுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்து, அக்குறணையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"பாக்க வாணாமா பின்ன! நீங்க எத்தன பாடுபட்டு வரஞ்ச படம்" என்று சொல்லிச் சுவருக்குக் கிட்டப் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பிறகு விரலை நீட்டி, படத்தில் இரண்டு கிளை பிரிகிற இடத்தைத் தொடாமல் காட்டினார்.

"இதிலதான் நான் கால் வெக்கிற."

சுந்தரலிங்கம் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு பட்டைச் செதிலும் பிசகாமல் வரைந்த இடம் அது. அவன் வாயைத் திறந்தான். மன்னிச்சிருங்க நானா என்று ஒரு வார்த்தை; அத்தனை சனத்துக்கு நடுவில் அது வெளியே வரவில்லை.

"ரபீகா எப்படி இருக்கா?" என்று பரிமளம் கேட்டாள்.

"ஈக்கிறா. அங்கயும் பிலா ஈக்கி பரிமளம், காய்க்குக் கொறவில்ல. ஆனா வெட்டக் குந்தினா பக்கத்தில பேச ஆளில்லயாம். போன கெழம பாதி வெட்டி அப்படியே போட்டுட்டு எழும்பிட்டா."

பரிமளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்பால் திரும்பினாள்.

அந்த நேரம் கடைக் கதவைத் திறந்தார்கள். கூப்பனுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்றதும் கூட்டம் சடாரென்று போலிமாகி, சுவரை ஒட்டி, படத்தின் கீழே நீண்டது. சனங்கள் நெருக்கியதில் மஹ்ரூப்பும் வரிசைக்குள் அகப்பட்டு நின்றார். பின்னால் கூப்பன் புத்தகத்தோடு நின்ற புதுமுகப் பெண் ஒருத்தி அவர் தோளைத் தொட்டு, "நானா, நீங்க வரிசையிலயா நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். நான் இங்கத்த ஆளில்ல. படம் பாக்க வந்த" என்று சொல்லி, மஹ்ரூப் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.